கூஜாவும் சட்டமும்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் நண்பர் இரண்டு கூஜாக்களைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். ஒன்று அவரே வரைந்து, பட்டறையில் கூடவே நின்று செய்வித்தது. மற்றொன்று இங்கே கொல்கத்தாவின் கடைவீதி ஒன்றில் விலைகொடுத்து வாங்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது மூலம், எது போலி என்று சொல்வது எளிதன்று.

"என்னவே, நாலு வருஷமா சட்டம் படிக்கீரே, இதுக்கு ஒரு வழி சொல்லும்" என்றார்.

நண்பர் திருநெல்வேலிக்காரர்; பொறியியல் மாணவர். ஊரிலிருந்து ரயிலேறும்போது அவருடைய ஆச்சி கொடுத்தனுப்பிய பழைய பித்தளைக் கூஜாதான் அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது. அவர் செய்த கூஜா எவர்சில்வரால் ஆனது. வலம்புரிச் சங்கின் புரிபோல அடியிலிருந்து கழுத்துவரை வரிகள் சுற்றி ஏறும். அவை முடியும் இடத்தில், அதே வளைவின் தொடர்ச்சியாகப் பிடி எழும்பி நிற்கும். மூடியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும், ரயில் எவ்வளவு ஆடினாலும் ஒரு சொட்டு நீர் சிந்தாது. ஜனவரியில் கல்லூரிப் பொருட்காட்சியில் அதை வைத்தார். பரிசும் கிடைத்தது. பார்க்க வந்த நம் மன்றத்து நண்பர்கள் எல்லோரும் கைதட்டினோம். அந்தக் கூஜாவை நாலாபுறமும் படமெடுத்து, அன்றிரவே இணையத்தில் ஏற்றி, "நம்மவர் சாதனை" என்று எழுதியவன் நான்.

ஏழு மாதங்களில் போலி கடைக்கு வந்துவிட்டது. "இப்போதே பதிவு செய்து அந்தக் கடைக்காரரைத் தடுத்துவிடலாம் அல்லவா?" என்று நண்பர் கேட்டார். நான் நூலகத்திற்குச் சென்று சட்டத்தைப் படித்தேன். இரண்டு நாள் கழித்து நான் சொன்ன பதில் அவருக்கும் எனக்கும் மகிழ்ச்சி தரவில்லை. அந்தப் பதிலைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் மன்றத்தில் பொறியியல், கட்டடக்கலை, நுண்கலை, நெசவுத் தொழில்நுட்பம் பயில்வோர் பலர் இருக்கிறார்கள். அடுத்த பொருட்காட்சிக்கு முன் இதை அவர்கள் படித்துவிட்டால் நல்லது.

ஒரு கூஜாவில் நான்கு உரிமைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பேடண்ட் வாங்கிவிட்டேன்" என்று எல்லாவற்றிற்கும் சொல்வது நம் வழக்கம். ஆனால் ஒரே கூஜாவில் நான்கு வெவ்வேறு உரிமைகள் குடியிருக்கலாம்.

மூடியின் பூட்டு எவ்வாறு வேலை செய்கிறது என்பது ஒரு கண்டுபிடிப்பு. அது புதியதும், துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றாததும் ஆயின் பேடண்ட் கேட்கலாம். கூஜாவுக்கு ஒரு பெயர் சூட்டி விற்றால் அப்பெயர் வணிகச் சின்னம். காகிதத்தில் வரைந்த ஓவியத்தில் இருப்பது பதிப்புரிமை. இம்மூன்றிலும் சேராதது நான்காவது: கூஜாவின் தோற்றம். புரிபோல் ஏறும் வரிகள், பிடியின் வளைவு, உடலுக்கும் கழுத்துக்கும் உள்ள இசைவு ஆகிய இவற்றைக் காப்பதுதான் வடிவமைப்புச் சட்டம்.

நம் நாட்டில் இப்போது நடைமுறையில் உள்ளது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். 2001 மே 11இல் அது நடைமுறைக்கு வந்தது. வடிவமைப்பு என்றால் என்ன என்பதை அதன் இரண்டாம் பிரிவு வரையறுக்கிறது. ஒரு பொருளுக்குத் தொழில்முறையில் அளிக்கப்படும் உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம், கோடுகள் அல்லது வண்ணங்களின் சேர்க்கை ஆகியவையே வடிவமைப்பு. அவை முடிவுற்ற பொருளில் கண்ணைக் கவர வேண்டும். கண் ஒன்றினாலேயே அவற்றை மதிப்பிட வேண்டும். கையால் செய்தாலும், எந்திரத்தால் செய்தாலும், இரசாயன முறையில் செய்தாலும் வேறுபாடில்லை.

"கண் ஒன்றினாலேயே" என்பதுதான் உயிரான சொல். செய்முறையும், வெறும் எந்திர நுட்பமும் வடிவமைப்பு ஆகமாட்டா. ஆதலால் நண்பரின் மூடிப் பூட்டு இச்சட்டத்தின்கீழ் வாராது; சங்குப்புரி வரிகள் வரும். கூஜா நீர் கொள்வதற்கு வயிறு அகன்றிருக்க வேண்டும் என்பது பயன்பாடு. அந்த வயிற்றில் வரி எப்படி ஓடுகிறது என்பது அழகு. முன்னதற்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது.

இன்னொன்றும் நினைவில் வைக்கத் தக்கது. வடிவமைப்பு அந்தரத்தில் நிற்பதன்று. ஒரு பொருளைப் பற்றிக்கொண்டே நிற்கும். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாரத் கிளாஸ் டியூப், கோபால் கிளாஸ் ஒர்க்ஸ் வழக்கு இதற்கு நல்ல சான்று. கண்ணாடித் தகட்டின்மேல் அமைந்த ஒரு கோலத்தைக் கோபால் கிளாஸ் நிறுவனம் பதிவு செய்திருந்தது. அக்கோலத்தைப் பதிக்கும் உருளைகளைச் செய்தது ஒரு ஜெர்மன் நிறுவனம். உருளையில் முன்பே இருந்த கோலம் புதியது ஆகுமா என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். உருளையில் இருந்தது வேறு, அது கண்ணாடித் தகட்டில் இறங்கித் தோற்றம் பெறுவது வேறு என்று நீதிமன்றம் கண்டது. அக்கோலம் கண்ணாடித் தகட்டில் முன்னரே வெளியானதாக மெய்ப்பிக்கப்படாமையால் பதிவு நிலைத்தது.

சட்டம் வந்த வழி

தோற்றத்திற்கு உரிமை தரும் எண்ணம் முதலில் துணியில்தான் பிறந்தது. 1787இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், லினன், பருத்தி, காலிகோ, மஸ்லின் துணிகளில் புதிய கோலங்களை அச்சிட்டவருக்கு இரண்டே இரண்டு மாதங்கள் தனியுரிமை அளித்தது. காலிகோ என்னும் பெயர் நம் கோழிக்கோட்டிலிருந்து போனது என்பதை நண்பர்கள் அறிவார்கள். நம் நாட்டுத் துணியைப் பார்த்துப் பழகிய தொழிலுக்கு அவர்கள் வேலி கட்டிக்கொண்டார்கள்!

இந்தியாவில் 1872இல் ஒரு சட்டமும், 1888இல் மற்றொன்றும், 1911இல் பேடண்டையும் வடிவமைப்பையும் ஒருங்கே ஆளும் சட்டமும் வந்தன. 1970இல் பேடண்டுக்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டபின், 1911ஆம் ஆண்டுச் சட்டம் வடிவமைப்புக்கு மட்டும் உரியதாக எஞ்சி நின்றது. அதன் இடத்தில் வந்ததே 2000ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு மாதமாகத் தொடங்கிய உரிமை இன்று நம் நாட்டில் பதினைந்து ஆண்டுவரை நீள்கிறது.

புதுமை என்பது எது?

நண்பரின் வழக்கு உடைந்த இடம் இதுதான். நான்காம் பிரிவு, பதிவு செய்யக் கூடாத வடிவமைப்புகள் எவை என்று நான்கு வகையாகச் சொல்கிறது. புதியதாகவோ தானே தோற்றுவித்ததாகவோ இல்லாதது ஒன்று. விண்ணப்ப நாளுக்கு முன்பே இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ வெளியிடப்பட்டது இரண்டு. ஏற்கெனவே அறியப்பட்ட வடிவமைப்புகளிலிருந்தும் அவற்றின் சேர்க்கையிலிருந்தும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடாதது மூன்று. இழிவான அல்லது ஆபாசமான செய்தியைக் கொண்டது நான்கு.

இரண்டாவதைக் கவனியுங்கள். அச்சில் வந்தாலும், பயன்பாட்டில் வந்தாலும், வேறு எவ்வகையில் வந்தாலும் வெளியீடு வெளியீடுதான். வெளியிட்டவர் யார் என்று சட்டம் கேட்பதில்லை. பிறர் வெளியிட்டதால் மட்டும் உரிமை போகும் என்று நாம் எண்ணுகிறோம். தன் படைப்பைத் தானே மேடையில் வைத்துக் காட்டியவரும், விண்ணப்பத்திற்கு முன் காட்டியிருந்தால், உரிமையை இழக்கிறார். பொருட்காட்சியில் நூற்றுக்கணக்கானவர் பார்த்த கூஜா, இணையத்தில் நான் ஏற்றிய கூஜா, சட்டத்தின் கண்ணில் பழைய கூஜா.

இது சிறியவர்க்கு மட்டும் நேரும் துன்பம் அன்று. துளைகள் இட்ட, எடை குறைந்த காலணியால் உலகெங்கும் பெயர்பெற்ற கிராக்ஸ் நிறுவனம் 2004இல் இந்தியாவில் தன் காலணியின் வடிவமைப்பைப் பதிவு செய்தது. பிற்காலத்தில் இந்தியக் காலணி நிறுவனங்கள் பலவற்றின்மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு கேட்டது. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. பதிவுக்கு முன்பே அவ்வடிவம் இணையத்தளங்களில் வெளியாகியிருந்தது என்பது முக்கியமான காரணம். அதே 2018 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும் அங்கே அந்நிறுவனம் பெற்றிருந்த பதிவு செல்லாது என்ற முடிவை உறுதி செய்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் 2002இல் நடந்த ஒரு படகுக் கண்காட்சியில் அக்காலணி காட்டப்பட்டது அங்கே எடுத்துக் காட்டப்பட்ட சான்றுகளுள் ஒன்று. அமெரிக்காவின் படகுக் கண்காட்சியும் நம் கல்லூரிப் பொருட்காட்சியும் இவ்வகையில் ஒன்றே.

ஐரோப்பாவில், படைத்தவரே வெளியிட்டிருந்தால் பன்னிரண்டு மாதங்கள்வரை பொறுத்துக்கொள்ளும் சலுகை உண்டு. நம் சட்டத்தில் அத்தகைய பொதுச் சலுகை இல்லை. குறுகிய வழிகள் சில மட்டும் உண்டு.

ஒன்று, இருபத்தொன்றாம் பிரிவு. மத்திய அரசு அறிவிக்கையின் மூலம் குறிப்பிட்ட பொருட்காட்சிகளில் வைத்தால் புதுமை கெடாது. ஆனால் காட்சிக்கு வைக்குமுன்பே உரிய படிவத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்; முதலில் காட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். நம் கல்லூரிப் பொருட்காட்சி அத்தகைய அறிவிக்கை பெற்றதன்று, அறிவிப்பும் கொடுக்கவில்லை, ஆறு மாதமும் கடந்துவிட்டது. மூன்று கதவும் அடைத்துவிட்டன.

மற்றொன்று, பதினாறாம் பிரிவு. நம்பிக்கையின்பேரில் ஒருவரிடம் காட்டினால் அது வெளியீடு ஆகாது. அவர் நம்பிக்கைத் துரோகம் செய்து வெளியிட்டாலும் படைத்தவரின் உரிமை அதனால் கெடாது. ஆகவே பேராசிரியரிடம் காட்டலாம். பட்டறைக்காரரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். "இதை இரகசியமாக வைத்திருப்பேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது அறிவுடைமை. நெசவுத் தொழிலில் இருப்போருக்கு இப்பிரிவில் ஒரு தனிச் சலுகையும் உண்டு. பதிவு செய்யக் கருதியிருக்கும் புதிய துணி வடிவமைப்புக்கு, முதன்முதலாக இரகசியமாக வரும் ஆர்டரை ஏற்றுக்கொள்வது வெளியீடாகக் கருதப்படாது. கரூரிலும் ஈரோட்டிலும் தறி வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்து வந்துள்ள நண்பர்கள் இதை வீட்டுக்கு எழுதலாம். ஆனால் அது முதல் ஆர்டருக்கு மட்டுமே. இரண்டாவது ஆர்டருக்கு முன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

பதிவு செய்யும் முறை

வடிவமைப்புப் பதிவின் தலைமை இடம் வேறெங்கும் இல்லை. நாம் இருக்கும் இந்தக் கொல்கத்தாவிலேயே, சால்ட் லேக் பகுதியில் உள்ள பேடண்ட் அலுவலகத்தில் இருக்கிறது. சென்னை, மும்பை, தில்லி அலுவலகங்களிலும் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், இணையவழியும் அனுப்பலாம். எங்கே கொடுத்தாலும் பரிசீலனை நடப்பது இங்கேதான். நாள்தோறும் பேருந்தில் அவ்வழியாகப் போய்வந்தும் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாதிருந்தோமே என்று பிறகு நாங்கள் வருந்தினோம்.

விண்ணப்பம் முதலாம் படிவத்தில் அமைய வேண்டும். 2021ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி தனிநபர், தொடக்கநிலை நிறுவனம், சிறுநிறுவனம் ஆகியோருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். மற்றவர்களுக்கு 4,000 ரூபாய்.

விண்ணப்பத்தில் பொருளின் பெயரையும் வகுப்பையும் குறிப்பிட வேண்டும். வகுப்புகள் என்பவை லொகார்னோ என்னும் சுவிட்சர்லாந்து ஊரில் 1968இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி அமைந்தவை. இந்தியா அதில் 2019இல் சேர்ந்தது. மொத்தம் 32 வகுப்புகள். ஆடை 2ஆம் வகுப்பு, துணி 5, மேசை நாற்காலி முதலியன 6, வீட்டு உபயோகப் பொருள்கள் 7, அணிகலன்கள் 11, விளக்குகள் 26. கூஜா 7ஆம் வகுப்பைச் சேரும். ஒரு வகுப்பில் பதிந்தால் அவ்வகுப்பில்தான் காவல். அதே சங்குப்புரியை ஒருவர் மேசை விளக்கில் அமைத்தால் கூஜாவின் பதிவு அவரைத் தடுக்காது.

விண்ணப்பத்தின் உயிர் படங்களே. முன்புறம், பின்புறம், வலம், இடம், மேல், கீழ், சாய்வுப் பார்வை என்று எல்லாப் பக்கமும் தெளிவாகத் தெரியும் படங்கள் வேண்டும். வரைபடமாகவும் இருக்கலாம், புகைப்படமாகவும் இருக்கலாம். புதுமை எதில் உள்ளது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும்: "இப்படங்களில் காட்டியவாறு கூஜாவின் உருவத்திலும் அமைப்பிலும் புதுமை உள்ளது" என்பது போல. எந்திரச் செயலுக்கு இப்பதிவினால் உரிமை கோரவில்லை என்ற குறிப்பும் வழக்கமாகச் சேர்க்கப்படும். இவற்றில் கவனக்குறைவு கூடாது. நாளை வழக்கு வந்தால், நீதிபதி நோக்குவது நாம் மனத்தில் கண்ட கூஜாவை அன்று. படத்தில் உள்ள கூஜாவையே.

அலுவலகத்தின் பரிசோதகர் பழைய பதிவுகளையும் பிறவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறையிருந்தால் எழுதி அனுப்புவார். விண்ணப்ப நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் அக்குறைகளைத் தீர்த்து விண்ணப்பத்தை முழுமையாக்க வேண்டும். வேண்டிக்கொண்டால் மேலும் மூன்று மாதம்வரை தவணை கிடைக்கும். அதற்குள் செய்யாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். எல்லாம் சரியாயின் பதிவேட்டில் ஏறும். பதிவெண்ணுடன் சான்றிதழ் வரும். அலுவலக இதழில் விவரம் வெளியாகும். பதிவு எத்தனை மாதம் கழித்து வந்தாலும் அதன் தேதி விண்ணப்பம் கொடுத்த நாளே. ஆகவே விண்ணப்பம் கொடுத்த மறுநாளே பொருட்காட்சியில் வைக்கலாம்; அச்சம் வேண்டா.

யார் விண்ணப்பிக்கலாம்? வடிவமைப்பின் உரிமையாளர். பொதுவாக அதைப் படைத்தவரே உரிமையாளர். ஆனால் தக்க பிரதிபலன் பெற்றுக்கொண்டு மற்றொருவருக்காகப் படைத்தால் அந்த மற்றொருவரே உரிமையாளர். விடுமுறையில் ஏதேனும் நிறுவனத்தில் பயிற்சிக்குச் செல்லும் நண்பர்கள், கையெழுத்திடும் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். இருவர் சேர்ந்து படைத்தால் இருவர் பெயரிலும் விண்ணப்பிப்பதே நட்புக்கு நல்லது.

இங்கே செய்யும் பதிவு இந்தியாவுக்கு மட்டுமே. பாரிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1998இல் சேர்ந்திருப்பதால், இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் முந்தைய தேதியையே அங்கும் கோரலாம்.

பெற்றதைக் காத்தல்

பதிவு பெறுவது பாதி வேலை. காப்பது மறுபாதி.

முதலில் பத்தாண்டுகள் உரிமை கிடைக்கும். அப்பத்தாண்டு முடியுமுன் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் மேலும் ஐந்தாண்டுகள். ஆக மொத்தம் பதினைந்து. அதற்குமேல் எவர் நினைத்தாலும் நீட்ட முடியாது. அன்றுமுதல் அவ்வடிவம் எல்லோருக்கும் சொந்தம். பேடண்டுக்குப் போல ஆண்டுதோறும் பணம் கட்டும் தொல்லை இதில் இல்லை. இதுவே ஓர் ஆபத்தும் ஆகும். ஆண்டுதோறும் கட்டுவதை மறக்கமாட்டோம். பத்தாண்டுக்கு ஒருமுறை வருவதை மறந்துவிடுவோம்.

மறந்துவிட்டால் ஒரு வழி உண்டு. உரிமை அற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள், தவறியது வேண்டுமென்று அன்று, வீண் தாமதமும் செய்யவில்லை என்று காரணம் காட்டி, கட்டணங்களுடன் விண்ணப்பித்தால் மீட்டுத் தரலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஒருவர் அவ்வடிவத்தைச் செய்து விற்றிருந்தால் அதற்காக அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது.

அடுத்தது, குறியிடுதல். விற்கும் ஒவ்வொரு பொருளிலும், "பதிவு செய்யப்பட்டது" என்னும் பொருள்பட ஆங்கிலச் சொல்லையோ அதன் சுருக்கத்தையோ உரிய முறையில் பொறித்து, பதிவெண்ணையும் குறிக்க வேண்டும். சில துணி வகைகள் போன்றவற்றிற்கு விலக்கு உண்டு. குறியிடாமல் விற்றவர் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனால், குறியிடுவதற்கு வேண்டிய முயற்சி எல்லாம் செய்ததாகவோ, எதிரி பதிவை அறிந்த பின்பே போலி செய்ததாகவோ மெய்ப்பிக்க வேண்டிவரும். பிடியின் அடியில் நான்கு எழுத்துப் பொறிப்பதற்குச் சோம்பி, நீதிமன்றத்தில் நான்கு ஆண்டு நிற்பானேன்?

உரிமையைப் பிறருக்கு விற்றாலோ, உரிமம் கொடுத்தாலோ, அடமானம் வைத்தாலோ அது எழுத்து மூலமாக இருக்க வேண்டும். ஆவணம் எழுதிய ஆறு மாதத்திற்குள் அதைப் பதிவேட்டில் ஏற்றவும் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கும் ஆறு மாதம்வரை நீட்டிப்பு உண்டு. வாய்ச்சொல்லாக, "நீயே செய்துகொள், இலாபத்தில் பாதி கொடு" என்று சொல்வது சட்டத்தின் முன் நிற்காது.

இன்னும் ஒன்று. வணிகச் சின்னத்திற்கும் பேடண்டுக்கும் பதிவு தருமுன் பிறர் எதிர்ப்புச் சொல்ல வழி உண்டு. வடிவமைப்பில் அது இல்லை. அதற்கு ஈடாக, பதிவு ஆனபின் எந்த நாளிலும் எவரேனும் அதை நீக்கும்படி மனுச் செய்யலாம். முன்பே இந்தியாவில் பதிவானது, முன்பே எங்கேனும் வெளியானது, புதியதன்று, பதிவுக்குத் தகாதது, வரையறைப்படி வடிவமைப்பே அன்று என்னும் ஐந்தில் ஒன்றைக் காட்டினால் போதும். ஆதலின் சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் உரிமை உறுதியாகிவிடாது. பொய்யான புதுமையைக் கூறிப் பெற்ற சான்றிதழ் காற்றில் வைத்த விளக்கு.

போலி செய்தால்

பதிவு உள்ள காலத்தில், உரிமையாளரின் அனுமதி இன்றி, அவ்வடிவத்தையோ அதன் வெளிப்படையான அல்லது வஞ்சகமான போலியையோ விற்பனைக்காக அதே வகுப்புப் பொருளில் அமைப்பதும், இறக்குமதி செய்வதும், போலியென்று அறிந்தே விற்பதும் உரிமை மீறல்கள். உரிமையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையை ஒப்பந்தக் கடன்போல வசூலிக்கலாம். ஆனால் ஒரு வடிவமைப்பைப் பொறுத்த மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டாது. அல்லது இழப்பீடும் தடையுத்தரவும் கேட்டு வழக்குத் தொடுக்கலாம். தொகை சிறிதென்பதால் பெரும்பாலோர் நாடுவது தடையுத்தரவையே. வழக்கு மாவட்ட நீதிபதியின் நீதிமன்றத்திற்குக் கீழே செல்லாது. மேலே சொன்ன ஐந்து காரணங்களையும் எதிரி தற்காப்பாகவும் சொல்லலாம். சொன்னால் வழக்கு உயர் நீதிமன்றத்திற்கு மாற்றப்படும்.

இதனால்தான் நண்பர் இப்போது பதிவு செய்து பயனில்லை என்றேன். உண்மையை மறைத்து விண்ணப்பித்து, பதிவும் கிடைத்து, வழக்கும் போட்டால், கடைக்காரர் செய்யவேண்டியது ஒன்றுதான்: நான் ஜனவரியில் இணையத்தில் ஏற்றிய படத்தைத் தேதியோடு நீதிமன்றத்தில் காட்டுவது.

ஐம்பத்தொன்றாவது கூஜா

"அப்படியானால் நான் வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை உண்டே, அது போதாதா?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பதிப்புரிமைக்குப் பதிவே வேண்டா. பல்லாண்டுகள் நீடிக்கவும் செய்யும். ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு குறுக்கே நிற்கிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளாகச் செய்தால், அத்துடன் அவ்வடிவத்திலுள்ள பதிப்புரிமை அற்றுப்போகும்.

நண்பர் செய்தவை மூன்றே கூஜாக்கள். எனவே பதிப்புரிமை இன்னும் எஞ்சியிருக்கிறது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அவர் ஒரு தொழில் தொடங்கி ஐம்பத்தொன்றாவது கூஜாவைச் செய்யும் நாளில் அதுவும் போய்விடும். தொழில் செய்யாதவரை காவல். தொழில் செய்தால் காவல் இல்லை! இதில் அநீதி இருப்பதுபோல் தோன்றும். ஆனால் சட்டத்தின் நோக்கம் வேறு. ஓவியத்திற்குத் தருகிற நீண்ட காலக் காவலைத் தொழிற்சாலைப் பொருளுக்கும் தந்தால், ஒரு கூஜாவின் வளைவு தலைமுறை தலைமுறையாக ஒருவர் கையிலேயே இருக்கும்; மற்றக் கம்மியர் என் செய்வர்? பதிவு செய், பதினைந்து ஆண்டு அனுபவி, பிறகு ஊருக்கு விட்டுவிடு என்பதே சட்டம் சொல்லும் பேரம். கலைப்படைப்புக்கும் வடிவமைப்புக்கும் இடையே எல்லை எங்கே என்பது எளிய வினா அன்று. திரவ எரிவாயு ஏற்றிச் செல்லும் வண்டிகளின் வரைபடங்களைப் பற்றிய ஒரு வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. பதிப்புரிமை இல்லை என்று ஆனால் மட்டும் ஒன்று வடிவமைப்பு ஆகிவிடாது. அதன் முதன்மை அழகா, பயனா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அது சொல்லியது.

முடிவாக ஒரு சொல்

வடிவமைப்பு உரிமை கண்ணுக்காகவே ஏற்பட்டது. ஆனால் பிறர் கண்ணில் படுமுன் கேட்டவருக்கே அது கிடைக்கும். இதுதான் இச்சட்டத்தின் சாரம். முதலில் வரை, நம்பிக்கையானவரிடம் மட்டும் காட்டு, விண்ணப்பம் கொடு, பிறகு ஊரறியக் காட்டு. இவ்வரிசை மாறினால் எந்த வக்கீலாலும் திருப்பித் தர முடியாது.

நண்பர் சோர்ந்துவிடவில்லை. அந்தக் கூஜாவை அதன் போக்கில் விட்டுவிட்டு, இப்போது வேறொன்று வரைந்துகொண்டிருக்கிறார். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். சென்ற வாரம் என்னை அறைக்கு அழைத்துக் கதவைத் தாழிட்டுப் படத்தைக் காட்டினார். காட்டுமுன் என் கைப்பேசியை வாங்கித் தம் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டார். இரகசியம் காப்பதாக ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார். எனக்குச் சிறிதும் வருத்தமில்லை, மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன்.

அவருடைய விண்ணப்பம் சால்ட் லேக்கிற்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், படம் எடுப்பவனும் நானே, கைதட்டுபவனும் நானே.